தாமதம் எப்படிச் சுழற்சியாகிறது: செம்பனைக் கன்றை வைத்து ஒரு முழுக் கணக்கு

செம்பனை (எண்ணெய்ப் பனை) விலை ஏறினால் அது மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உடனே தெரியும். மோட்டார் சைக்கிள் கடையிலும் நகைக்கடையிலும் கூட்டம் கூடும். சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள், பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கன்று வைத்துவிடலாமா என்று பேசிக்கொள்வார்கள். விலை விழுந்தால் பேச்சு மாறிவிடும். இந்தோனேசியா, ஐரோப்பா, அரசாங்கம், தவுக்கே (சீன முதலாளி) என்று யார் மேலாவது பழி விழும். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் இவர்களில் யாருமே எதுவும் செய்யாவிட்டாலும் விலை ஏறி இறங்கத்தான் செய்யும். நடுவதற்கும் அறுவடைக்கும் இடையில் ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளிக்கே அலையை உண்டாக்கும் சக்தி உண்டு.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆறாம் படிவ மாணவர்கள், பொருளாதாரம் படிக்கப்போகும் பிள்ளைகள், சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், எக்செல் போன்ற ஒரு விரிதாள் இருந்தால் போதும். ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் வகைநுண்கணிதம் வேண்டும். அது வராதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

1. தாமதம் எங்கே இருக்கிறது?

எந்த மாதிரியைக் கட்டுவதற்கு முன்பும், முடிவெடுத்த நாளுக்கும் பலன் சந்தைக்கு வரும் நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். செம்பனைக் கன்று நாற்றங்காலில் ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்கிறது. நிலத்தில் நட்ட பிறகு இரண்டரை, மூன்று ஆண்டுகளில் முதல் குலை வெட்டலாம். ஆக, முடிவிலிருந்து பழம் வரை சுமார் 4 ஆண்டு. ரப்பர் இன்னும் மெதுவானது. நட்டு 5 முதல் 7 ஆண்டு கழித்துத்தான் மரம் பால் வெட்டும் பருமனுக்கு வரும்.

அப்புறம், பின்னால் தேவைப்படும் இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செம்பனை சுமார் 25 ஆண்டு வரை இலாபமாகக் காய்க்கும். அதன் பிறகு மரம் உயர்ந்துவிடும், குலை வெட்டுவது சிரமம், விளைச்சலும் குறையும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டியதுதான்.

2. முதலில் தாமதமே இல்லாமல் ஒரு கணக்கு

காய்க்கும் நிலப்பரப்பு, சந்தைக்குத் தேவையான அளவைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதை 'மிகை' என்று வைத்துக்கொள்வோம். குறைவாக இருந்தால் மிகைக்குக் கழித்தல் குறி. மிகை −10 என்றால் 10 ஆயிரம் ஏக்கர் பற்றாக்குறை என்று பொருள். பற்றாக்குறை இருந்தால் விலை ஏறும், விலை ஏறினால் வழக்கத்தைவிடக் கூடுதலாக நடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறையில் எத்தனை பங்கை நட்டு ஈடுகட்டுகிறார்கள் என்பதற்கு 'வேகம்' என்று பெயர் வைப்போம். வேகம் 0.2 என்றால், 10 ஆயிரம் ஏக்கர் பற்றாக்குறைக்கு அந்த ஆண்டில் 2 ஆயிரம் ஏக்கர் கூடுதலாக நடுகிறார்கள்.

நட்டது அன்றே காய்த்துவிடும் என்று ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். வேகம் 0.2 என்றால் −10, −8, −6.4, −5.12 என்று பற்றாக்குறை சுருங்கிக்கொண்டே போகும். பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போகவே போகாது. காலம் தொடர்ச்சியாக ஓடும் மாதிரியில், ஒரே ஒரு மாறி, தாமதம் இல்லை, வெளியிலிருந்து உந்துதல் இல்லை என்றால் அலை பிறக்க வழியே கிடையாது. ஒரு புள்ளியைக் கடக்கும்போது மாறி ஒரு திசையில்தான் நகர முடியும், அதே புள்ளிக்குத் திரும்பி வந்து எதிர்த்திசையில் நகர முடியாது. ராபர்ட் சோலோ 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற வளர்ச்சி மாதிரியும் இந்த வகைதான். அதில் மூலதனம் சமநிலையை நோக்கி நேராகப் போய்ச் சேரும். ஏற்றத்தாழ்வு வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது தட்ட வேண்டும்.

3. தாமதத்தைச் சேர்த்து விரிதாளில் ஓட்டுவது

இப்போது உண்மை நிலைக்கு வருவோம். இன்றைய பற்றாக்குறையைப் பார்த்து இன்று நடுகிறோம். அது காய்க்கும் நிலமாவது 4 ஆண்டு கழித்து. ஆண்டுக்கு ஒரு வரி என்று கணக்கிட்டால் விதி இப்படி வரும்:

அடுத்த ஆண்டு மிகை = இந்த ஆண்டு மிகை − வேகம் × (4 ஆண்டுக்கு முந்தைய மிகை)

விரிதாளில் முதல் பத்தியில் ஆண்டு 0, 1, 2 என்று 60 வரை எழுதுங்கள். இரண்டாம் பத்தி மிகை. ஆண்டு 0 முதல் 4 வரை ஐந்து வரியிலும் −10 என்று போடுங்கள். கன்று இன்னும் காய்க்காததால் அந்த ஐந்து ஆண்டும் பற்றாக்குறை அப்படியே இருக்கும். ஆண்டு 5இன் கட்டத்தில், நேர்மேல் கட்டத்திலிருந்து 'வேகம் பெருக்கல் ஐந்து வரி மேலே உள்ள கட்டம்' என்பதைக் கழிக்கச் சொல்லுங்கள். அந்தச் சூத்திரத்தைக் கீழே வரை இழுத்துவிடுங்கள். வேகத்தைத் தனிக்கட்டத்தில் வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

மிகை கழித்தல் குறியிலிருந்து கூட்டலுக்கு மாறும்போது நடவு வழக்கத்தைவிடக் குறைகிறது என்று பொருள். முதிர்ந்த மரங்கள் தம் காலத்தில் சாய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு ஈடாக நட வேண்டியதை நடாமல் விட்டால், அதன் பலனும் 4 ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதனால் விதி இரு பக்கமும் ஒன்றேதான்.

வேகம் 0.2 போட்டால் ஆண்டு 5இலிருந்து வரும் எண்கள்: −8, −6, −4, −2, 0. ஒன்பதாம் ஆண்டில் பற்றாக்குறை முடிந்துவிட்டது. அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஆனால் நிற்காது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் விலை இன்னும் நன்றாக இருந்ததால் நட்ட கன்றுகள் மண்ணில் இருக்கின்றன. அவை வரிசையாகக் காய்க்க வருகின்றன: 1.6, 2.8, 3.6, 4.0. மிகை உச்சம் தொட்டுப் பிறகு இறங்கி, 21ஆம் ஆண்டில் மறுபடியும் பற்றாக்குறைக்குள் போகும். அந்த இரண்டாம் பள்ளம் சுமார் 1.5 ஆழம்தான். அலை இருக்கிறது, ஆனால் தணிந்துகொண்டே போகிறது.

இப்போது வேகத்தை 0.35 ஆக்குங்கள். −6.5, −3, 0.5 என்று ஏழாம் ஆண்டிலேயே பற்றாக்குறை தீர்ந்துவிடும். பார்க்க நல்ல செய்தி. அடுத்து வருவதைப் பாருங்கள்: 4, 7.5, 9.8, 10.8. பதினோராம் ஆண்டில் உபரி, ஆரம்பத்தில் இருந்த பற்றாக்குறையைவிடப் பெரியது. இருபதாம் ஆண்டில் மறுபக்கம் −10.99. இந்த அலை தணிவதே இல்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட ஒரு துளி பெரிதாகிறது.

இரண்டு ஓட்டத்திலும் தாமதம் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். மனிதர்கள் விலைக்கு எவ்வளவு துடிப்பாகப் பதில் சொல்கிறார்கள் என்பது மட்டும் மாறியிருக்கிறது. துடிப்பு கூடினால் பற்றாக்குறை சீக்கிரம் தீரும், ஆனால் பின்னால் வரும் சரிவும் பெரிதாகும். ஒரு விவசாயிக்குத் தனியாக நியாயமாகத் தெரியும் வேகம், எல்லாரும் சேர்ந்து செய்யும்போது ஊரையே ஆட்டுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரையும் முட்டாள் என்றோ பேராசைக்காரர் என்றோ சொல்லாமலே சரிவை விளக்கிவிடுகிறது.

4. எல்லைக்கோடுகள்

ஆண்டுக்கணக்கில் ஓடும் இந்த மாதிரிக்கு இரண்டு எல்லை உண்டு. தாமதம் 4 ஆண்டு என்றால், வேகம் 0.082க்குக் கீழே இருந்தால் அலையே இல்லை. 0.082க்கும் 0.347க்கும் இடையில் தணியும் அலை. 0.347க்கு மேலே போனால் வளரும் அலை. சரியாக எல்லையில் நின்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 18 ஆண்டு. வேறு தாமதத்துக்கு மேல் எல்லையைக் காண வழி: தாமத ஆண்டை 180 பாகையால் பெருக்கி, 'தாமதத்தின் இரு மடங்கு கூட்டல் ஒன்று' என்பதால் வகுங்கள். அந்தக் கோணத்தின் கொசைனை இரட்டித்தால் எல்லை கிடைக்கும். தாமதம் 4க்கு கோணம் 80 பாகை. ரப்பருக்கு 6 என்று போட்டால் எல்லை 0.241 ஆகச் சுருங்கும், சுற்று 26 ஆண்டாக நீளும். நீண்ட தாமதம் கொண்ட பயிருக்கு, சின்னத் துடிப்பே போதும் ஆட்டம் போட.

காலத்தை ஆண்டு ஆண்டாக வெட்டாமல் தொடர்ச்சியாக எடுத்தால் விதி இன்னும் அழகாகும். வேகத்தையும் தாமதத்தையும் பெருக்குங்கள். பெருக்குத்தொகை 0.368க்கு (அதாவது 1 வகுத்தல் 2.718) மேல் போகாதவரை அலை இல்லை. 1.571 வரை (π என்னும் பையில் பாதி) தணியும் அலை. அதற்கு மேல் வளரும் அலை. இரண்டும் தனித்தனியாக எவ்வளவு என்பது பொருட்டில்லை, பெருக்குத்தொகைதான் தீர்ப்புச் சொல்கிறது.

5. சுற்று ஏன் தாமதத்தின் நாலு மடங்கு? (வகைநுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு)

தொடர்ச்சியான மாதிரி இது: மிகையின் மாற்ற வீதம் = − வேகம் × (தாமதத்துக்கு முந்தைய மிகை). மிகை ஒரு சைன் அலை என்று வைத்துப் பாருங்கள். சைனை வகையிட்டால் கொசைன் வரும், அதாவது கால் சுற்று முன்னால் நகர்ந்த அலை. வலப்பக்கம் தாமதத்தால் பின்னால் நகர்ந்த சைன், அதற்குக் கழித்தல் குறி. கழித்தல் குறி என்பது அரைச் சுற்று. இரு பக்கமும் பொருந்த வேண்டுமானால் தாமதம் சரியாகக் கால் சுற்றாக இருக்க வேண்டும். ஆகவே முழுச் சுற்று = 4 × தாமதம். செம்பனைக்கு 16 ஆண்டு. ஆண்டுக்கணக்கில் 18 வந்ததற்குக் காரணம், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் முடிவெடுப்பதே சராசரியாக அரை ஆண்டுத் தாமதத்தைச் சேர்த்துவிடுகிறது. நாலரை நான்கு பதினெட்டு.

தணியும் அலையின் சுற்று நாலு மடங்கைவிட நீளமாகவும், வளரும் அலையின் சுற்று நாலு மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையிலும் இருக்கும்.

6. கப்பலும் இயந்திரமும் பால் மரமும்

இந்தச் சமன்பாட்டை 1931இல் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் டின்பெர்கன். அவர் எடுத்தது கப்பல் கட்டும் தொழில். கப்பல் குறைந்தால் சரக்குக் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் கப்பலுக்கு ஆர்டர் போகும், ஆனால் கப்பல் கடலில் இறங்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். அவருக்குக் கிடைத்த சுற்று சுமார் 8 ஆண்டு. நாலு மடங்கு விதியோடு ஒத்துப்போகிறது.

போலந்தைச் சேர்ந்த மிஹாவ் கலெட்ஸ்கி இதை ஒரு தொழிலிலிருந்து முழுப் பொருளாதாரத்துக்கு விரித்தார். 1933இல் லைடன் நகரில் வாசித்து, 1935இல் எகனாமெட்ரிகா இதழில் வெளியிட்ட கட்டுரை அது. இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கும் அது வந்து சேர்வதற்கும் இடையில் 0.6 ஆண்டு, ஏழு மாதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாலு மடங்கு என்றால் இரண்டரை ஆண்டுதான் வர வேண்டும். அவருக்கு வந்ததோ 10 ஆண்டு. ஏன்? கட்டிக்கொண்டிருக்கும் காலத்திலேயே கூலியும் இலாபமும் புழங்கி மேலும் முதலீட்டைத் தூண்டுகின்றன. முதலீடு இரண்டு வேலை செய்கிறது. செய்யும்போது தேவையைக் கூட்டுகிறது, முடிந்த பிறகு இயந்திரக் குவியலாகி அடுத்த முதலீட்டைத் தடுக்கிறது. ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, சிறு தாமதம்கூட நீண்ட அலையாகிறது. தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியச் சிரமமே இல்லை. நிலம் திருத்தும் ஆண்டுகளில் ஒப்பந்தக்காரர், லாரி, சாப்பாட்டுக்கடை என்று ஊரே சுறுசுறுப்பாக இருக்கும். மரம் காய்க்கும் வருடங்களில்தான் விலை சோதிக்கும்.

நம் மண்ணில் நடந்த பெரிய பாடம் ரப்பர். 1920 வாக்கில் விலை சரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சி 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து, மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் விலை எகிறியது. டச்சு ஆட்சியில் இருந்த சுமத்ரா, போர்னியோ விவசாயிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நல்ல விலையைப் பார்த்து நட்டுத் தள்ளினார்கள். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் நட்ட மரம் நட்டதுதானே. 1925இல் வைத்த கன்று 1931, 1932இல் பால் கொடுக்க வந்து நின்றது. உலகப் பெருமந்தமும் அதே ஆண்டுகளில் வந்து சேர, ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. 1930களின் தொடக்கத்தில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் குடும்பக் கதைகளில் பலவற்றின் முறிவு அந்த ஆண்டுகளில் கிடக்கிறது. பெருமந்தம் மலாயாவுக்கு வெளியே பிறந்தது, அதை எந்தத் தோட்டத்தாலும் தடுத்திருக்க முடியாது. கன்றுகளோ விலை உச்சத்தில் நட்டவை. 1934இல் வந்த சர்வதேச ரப்பர் ஒப்பந்தம் டச்சுப் பகுதிகளையும் உள்ளே இழுத்து, புதிய நடவையும் கட்டுப்படுத்தியது. ஏற்றுமதியை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்பதை அதற்குள் எல்லாரும் கற்றிருந்தார்கள்.

7. வளர்ச்சி மாதிரிக்குள் தாமதத்தை வைத்தால்

பாடப்புத்தகத்தில் தாமதம் வந்தாலே சுழற்சி வரும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதில் ஏற்படுகிறது. அது தவறு. சோலோ மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்: மூலதன மாற்றம் = சேமிப்பு வீதம் × உற்பத்தி − தேய்மானம். உற்பத்திப் பகுதிக்கு மட்டும் தாமதம் கொடுங்கள், அதாவது சில ஆண்டுக்கு முந்தைய மூலதனம்தான் இன்று உற்பத்தி செய்கிறது. எவ்வளவு நீண்ட தாமதம் கொடுத்தாலும் சமநிலை குலையாது. பழைய மூலதனம் இன்றைய மூலதனத்தைக் கூட்டும் திசையில் இழுக்கிறது, தேய்மானம் அதைவிட வலுவாக அடக்குகிறது.

தேய்மானத்துக்கும் அதே தாமதத்தைக் கொடுத்தால் எதிர்த்திசை இழுப்பு தாமதத்தோடு வருகிறது, அப்போது ஐந்தாம் பகுதியின் தொடர்ச்சியான சமன்பாடே கிடைக்கும். அங்கே வேகம் = தேய்மான வீதம் × (1 − உற்பத்தியில் மூலதனத்தின் பங்கு). தேய்மானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு, மூலதனப் பங்கு மூன்றில் ஒன்று என்று போட்டால் வேகம் 0.033. 1.571ஐ அதால் வகுத்தால் 47. தாமதம் 47 ஆண்டைத் தாண்டினால்தான் நிலையான சுழற்சி! எந்தத் தொழிற்சாலையும் அவ்வளவு காலம் கட்டப்படுவதில்லை. ஆகவே சாதாரண வளர்ச்சி மாதிரியில் தாமதம் மட்டும் வைத்து வணிகச் சுழற்சியை விளக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், எண்களைக் கேளுங்கள்.

உற்பத்திக் கோடு ஓர் அளவுக்குப் பிறகு கீழே வளைந்தால் கதை வேறு. மூலதனம் மிகும்போது மாசும் நெரிசலும் விளைச்சலைக் குறைக்கும் என்று வைத்து, ரிச்சர்ட் டே 1982இல் இப்படி வளையும் கோட்டிலிருந்து ஒழுங்கற்ற வளர்ச்சிச் சுழற்சிகள் பிறப்பதைக் காட்டினார். அவருடையது ஆண்டு ஆண்டாகத் தாவும் மாதிரி. அதே வளைவைத் தொடர்ச்சியான காலத்தில், தாமதத்தோடு வைத்தால் எல்லைத் தாமதத்தைக் கணக்கிடலாம். சரிவின் அளவு (சமநிலையில் கோடு கீழிறங்கும் வீதம் × சேமிப்பு வீதம்) 0.3, தேய்மானம் 0.05 என்று எடுங்கள். இரண்டின் வர்க்க வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் 0.296, அதுதான் அலையின் கோண வேகம். தேய்மானத்தைச் சரிவால் வகுத்துக் கழித்தல் குறி போட்டால் −0.167. எந்தக் கோணத்தின் கொசைன் அது? 1.738 ரேடியன். 1.738 வகுத்தல் 0.296, ஏறத்தாழ 5.9 ஆண்டு. தாமதம் அதைத் தாண்டியதும் சமநிலை உடைந்து சுழற்சி பிறக்கும், சுற்று சுமார் 21 ஆண்டு. இப்படி ஓர் எண் எல்லையைக் கடக்கும்போது அமைதியான சமநிலையிலிருந்து சுழற்சி முளைப்பதைக் கணிதத்தில் ஹாப்ஃப் பிளவு என்பார்கள். சரிவு தேய்மானத்தைவிடச் சிறியதாக இருந்தால் எந்தத் தாமதத்துக்கும் அது நடக்காது. அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள், வீண் கணக்கு மிச்சம்.

8. எல்லாக் கன்றும் ஒரே நாளில் காய்ப்பதில்லை

இதுவரை தாமதம் கத்தியால் வெட்டியதுபோல 4 ஆண்டு. உண்மையில் முதல் குலைகள் சிறியவை, விளைச்சல் படிப்படியாக ஏறும். தாமதத்தைப் பல கட்டமாக உடைத்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிறிது சிறிதாக வழியவிடலாம். சராசரித் தாமதம் மாறாமல் இருக்கட்டும். ஒரே கட்டம் என்றால் அலை எப்போதும் தணியும், எவ்வளவு வேகம் கொடுத்தாலும் சரி. இரண்டு கட்டம் என்றால் வேகமும் தாமதமும் பெருக்கிய எல்லை 4. மூன்று என்றால் 2.67. கட்டங்கள் கூடக் கூட எல்லை 1.571ஐ நோக்கி இறங்கும். கூர்மையான தாமதம்தான் மிக ஆபத்தானது. எல்லாரும் ஒரே ஆண்டில் ஒரே வகைக் கன்றை வைப்பது அந்தக் கூர்மையை உண்டாக்குகிறது. 25 ஆண்டு கழித்து எல்லா மரமும் ஒன்றாக முதிர்ந்து நிற்கும்போது அதே அலை எதிரொலியாகத் திரும்பி வரும்.

இது மரத்துக்கு மட்டுமல்ல. சம்பளம் உச்சத்தில் இருக்கும் துறையைப் பார்த்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார்கள், நாலு ஆண்டு கழித்து எல்லாரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள். அமெரிக்கப் பொறியாளர்களின் எண்ணிக்கையும் தொடக்கச் சம்பளமும் இப்படி ஆடியதை ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் ஆராய்ந்திருக்கிறார்.

9. உண்மை விலையோடு ஒப்பிடும்போது

2008 மார்ச்சில் டன் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிய கச்சா செம்பனை எண்ணெய், அந்த ஆண்டு முடிவதற்குள் 2,000க்குக் கீழே விழுந்தது. 2022இல் 7,000த்தைத் தாண்டிவிட்டுச் சில மாதங்களில் 4,000 பக்கம் வந்தது. மாதக்கணக்கில் நடந்த இந்த விழுகைகளை 4 ஆண்டுத் தாமதத்தால் விளக்கக் கூடாது. முதலாவதற்குக் காரணம் உலக நிதி நெருக்கடி. இரண்டாவதில் உக்ரேன் போரும் இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடையும் சேர்ந்திருந்தன. நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் 1933இலேயே இந்தப் பிரிவைத் தெளிவாக்கினார். ஆடுகுதிரையைத் தடியால் எப்படி வேண்டுமானாலும் தட்டலாம், அது ஆடும் விதம் அதன் அமைப்பைப் பொறுத்தது. ஸ்வீடன் பொருளியலாளர் விக்செல் சொன்ன உவமையை அவர் எடுத்துக்கொண்டார். தட்டுவது போரும் நோயும் கொள்கையும். ஆடும் விதத்தைத் தீர்மானிப்பது தாமதமும் வேகமும். விலை வரைபடத்தில் உச்சம் முதல் உச்சம் வரை எண்ணி 'இதோ 16 ஆண்டு' என்று காட்ட முயலாதீர்கள். ஒரு சில சுற்றுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒப்பிட வேண்டியது விலையை அல்ல, இளங்கன்றுப் பரப்பை. மலேசிய செம்பனை வாரியம் காய்க்கும் பரப்பையும் காய்க்காத பரப்பையும் தனித்தனியாக வெளியிடுகிறது.

10. மண்ணில் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்

அந்தக் காய்க்காத பரப்பை விரிதாளுக்குள் கொண்டுவாருங்கள். இதுவரை நடுபவர்கள் இன்றைய பற்றாக்குறையை மட்டும் பார்த்தார்கள். ஏற்கெனவே நட்டு இன்னும் காய்க்காமல் இருப்பதையும் கழித்துக்கொண்டு முடிவெடுத்தால்?

புதிய தாளில் மூன்று பத்தி: ஆண்டு, மிகை, கூடுதல் நடவு. நடவு = − வேகம் × (இந்த ஆண்டு மிகை + முந்தைய நாலு ஆண்டின் நடவுகளின் கூட்டுத்தொகை). அடுத்த ஆண்டு மிகை = நேர்மேல் மிகை + ஐந்து வரி மேலே உள்ள நடவு. ஆண்டு 0இல் மிகை −10, அதற்கு முன் கூடுதல் நடவு எதுவுமில்லை. வேகம் அதே 0.35, போன முறை அலை வளர்ந்துகொண்டே போன அதே எண்.

நடவு 3.5, 2.28, 1.48, 0.96 என்று இறங்கும். மிகை நாலாம் ஆண்டு வரை −10லேயே நிற்கும். ஐந்தாம் ஆண்டு −6.5, அதாவது பழைய விதியில் வந்த அதே எண். பிறகு −4.2, −2.7, −1.8, −1.2. பத்தாம் ஆண்டில் −0.75. பூஜ்யத்தைத் தாண்டவே தாண்டாது. 60 ஆண்டு ஓட்டினாலும் ஒரு சரிவுகூட இல்லை. காரணம் எளிது: மிகையையும் மண்ணில் இருப்பதையும் கூட்டிய தொகைக்குத் தாமதமே கிடையாது, நட்ட அன்றே அது மாறிவிடுகிறது. அதனால் அந்தத் தொகை, இரண்டாம் பகுதியில் பார்த்த அலையில்லா மாதிரியைப் போலவே நடந்துகொள்கிறது.

மரம் அதே நாலு ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆகவே அலைக்குத் தாமதம் மட்டும் காரணமல்ல, வரவிருப்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணம். பெருந்தோட்டங்கள் விலையைப் பாராமல் ஆண்டுக்கு 4 விழுக்காடு, அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு, மரத்தின் வயதுப்படி மறுநடவு செய்தால் வேகம் தானாகவே சின்னதாகிவிடும். சிறு தோட்டக்காரருக்கு அது எளிதல்ல. விலை நன்றாக இருக்கும்போது மரத்தைச் சாய்த்து மூன்று ஆண்டு வருமானமில்லாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? மறுநடவு உதவித்தொகை பயன்படுவது அங்கேதான், அதுவும் விலை இறங்கியிருக்கும் ஆண்டில் கிடைத்தால்.

அடுத்து நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு. நூறு பேரில் பாதிப்பேர் மட்டும் மண்ணில் இருப்பதை எண்ணுகிறார்கள் என்று வையுங்கள். நாலு ஆண்டு நடவுகளின் கூட்டுத்தொகையை 0.5ஆல் பெருக்கினால் போதும். வேகம் 0.35இலேயே அலை தணிகிறதா, எத்தனை பேர் எண்ணினால் தணியத் தொடங்குகிறது என்று 0.1, 0.2 என்று மாற்றிப் பாருங்கள்.